சம்பளம் வாங்காமல் காற்று உழைக்கும் கரை: புத்தளம் பற்றி இதெல்லாம் தெரியுமா?

வெள்ளவத்தையில் நீங்கள் மின்விசிறியைப் போடுகிறீர்கள். அந்த நேரத்தில் புத்தளம் மாவட்டத்தில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது, தெரியுமா? நுரைச்சோலைக் கடற்கரையில் நிற்கிறதே அந்த அனல்மின் நிலையம், அதன் கொள்ளளவு 900 மெகாவாட்! முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கியது. 2014இல் மற்ற இரண்டு அலகும் சேர்ந்துகொண்டன. இலங்கையின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே கரையிலிருந்து வருகிறது.

சரி, மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போகிறீர்கள். குழம்பில் போடும் உப்பு எங்கிருந்து வந்தது? அதுவும் புத்தளமாக இருக்கலாம்! சாப்பிட்டு முடித்து மிச்சத்தைக் குப்பைவாளியில் கொட்டுகிறீர்கள். அந்தக் குப்பையை எங்கே புதைக்கத் திட்டம் போட்டார்கள் என்றாவது தெரியுமா? 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகு வேகமெடுத்தது ஒரு திட்டம்: கொழும்பின் குப்பையைப் புகையிரதத்தில் ஏற்றி, சுமார் 170 கிலோமீற்றர் கடத்தி, புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய நிலத்தில் கொட்டுவது! புத்தளம் மக்கள் 2018இலும் 2019இலும் தெருவில் இறங்கிப் போராடினார்கள். வேறென்ன செய்வார்கள்?

ஆக, பயணப் பையை எடுக்கும் முன்பே நீங்கள் இந்தக் கரையைப் பயன்படுத்தத் தொடங்கியாயிற்று. ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டாமா? போகிற போக்கில் இன்னும் கொஞ்சம் சுமையை அதன் தலையில் ஏற்றாமல் போய்வர வழி உண்டா? உண்டு! அதுவும் கொழும்பிலிருந்து ஒரு சனி, ஞாயிறுக்குள்.

முதல் ஆச்சரியம், இதற்குக் கார் வேண்டியதே இல்லை. புத்தளத்துக்கு 1926ஆம் ஆண்டிலேயே புகையிரதம் வந்துவிட்டது! ராகமையில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, நீர்கொழும்பு, சிலாபம் என்று தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓடுகிற பாதை. எல்லவுக்குப் போகும் மலைப்பாதையைப் படமெடுக்க உலகமே வரிசையில் நிற்கிறது. இந்தப் பாதையை எட்டிப் பார்க்க ஆளில்லை. என்னைக் கேட்டால் அதுதான் இதன் பெருமை. நாலு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், உண்மைதான். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் அது ஒரு குறையாகத் தெரியாது. ஓடும் வண்டிகள் குறைவு. ஆகவே புறப்படும் நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிலாபத்தில் ஓர் இறக்கம் போடுங்கள். முன்னேஸ்வரம் கோயில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே பம்பலையில் இருக்கும் அருங்காட்சியகம் தெரியுமா? உலகிலேயே முதலாவது கண்டல் காட்டு அருங்காட்சியகம் அது! 2016 ஜூலை 26, உலகக் கண்டல் தினத்தன்று திறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் இலங்கை ஒரு காரியம் செய்தது: தன் நாட்டிலுள்ள கண்டல் காடுகள் முழுவதையும் பாதுகாப்பதாக அறிவித்த முதல் நாடு என்ற பெயரைத் தட்டிக்கொண்டது. அதை நடத்தியது யார் என்கிறீர்கள்? களப்போரத்துப் பெண்கள்! கண்டலை வெட்டமாட்டோம், காவல் காப்போம் என்று ஒப்புக்கொள்ளும் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் கொடுப்பது திட்டம். சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச என்ற சிறு மீனவர் அமைப்பும், சீக்கோலஜி என்ற அமெரிக்க நிறுவனமும், அரசும் சேர்ந்து இறங்கின. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சிகளை உலகின் முன்மாதிரித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது.

கண்டலை இவ்வளவு கொண்டாடுகிறார்களே, அதை அழித்தது எது தெரியுமா? உங்கள் தட்டில் கிடக்கும் இறால்! 1980களில் இந்த மாவட்டத்தில் இறால் பண்ணை மோகம் பிடித்துக்கொண்டது. களப்போரத்துக் கண்டலையும் உவர்நிலத்தையும் வெட்டித் தொட்டிகளாக்கினார்கள். 1996இல் வெண்புள்ளி நோய் புகுந்தது. பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாய் விழுந்தன. தொட்டிகளைக் கைவிட்டுப் போனார்கள், காடும் போயிருந்தது, இறாலும் போயிருந்தது! இன்றும் மாவட்டமெங்கும் சதுரஞ் சதுரமாக உப்புப் பூத்துக் கிடக்கும் வெறும் குழிகளைப் பார்க்கலாம். எல்லாப் பண்ணையும் ஒன்றல்ல, இன்று ஒழுங்காக நடத்துவோரும் இருக்கிறார்கள். ஆனாலும் இந்தக் கரைக்கு வந்து கீரிமீன் பொரியலும் சூடைக் குழம்பும் இருக்கையில் இறாலைத் தேடுவானேன்? சின்ன மீன் மலிவு, ருசி, கரையிலேயே கிடைக்கும். சினை நண்டை மட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவில் ஆனைவிழுந்தாவை. இது ஒரு கிறுக்கு நிலம்! ஒரு பக்கம் கடல், அதையொட்டிக் கண்டல், அதற்கு இப்பால் ஒல்லாந்தர் கால்வாய், அதற்கும் இப்பால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழியும் பழங்காலக் குளங்களின் தொடர்! நன்னீரும் உவர்நீரும் இவ்வளவு நெருங்கிக் கிடந்தால் பறவைகள் விடுமா? நீர்க்காகம், கொக்கு, நாரை, வடக்கேயிருந்து குளிருக்குத் தப்பி வரும் விருந்தாளிகள் என்று சந்தைக்கூட்டம்தான். 2001 ஆகஸ்டில் இதை ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்தார்கள். அப்போது இலங்கையில் அந்தப் பெருமை பெற்றிருந்த வேறொரே இடம் தெற்கே புந்தல. இதில் எனக்குப் பிடித்த செய்தி, இங்கே கைவிடப்பட்ட இறால் தொட்டிகளில் மறுபடி கண்டல் முளைக்கிறது. நாற்றைக் கொண்டுபோய் வரிசையாக நட்டுப் படமெடுத்தால் போதாது. பண்ணைக்காரர்கள் கட்டிய வரம்புகளை உடைத்து, கடல்நீர் தன் போக்கில் வந்துபோக விட்டால் விதைகள் தாமாகவே மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும்! நாற்று நடும் விழாக்களுக்குப் போய்வருகிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அங்கிருந்து உடப்பு எட்டிவிடும் தூரம். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒரு மணற்கீற்றில் நிற்கும் தமிழூர். இராமேஸ்வரம் பக்கமிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்வார்கள். ஆடியில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு என்றால் வெளியூரெல்லாம் திரளும். இங்கே கரைவலை இழுக்கிறபோது பாடும் அம்பாப் பாடலைக் கேட்டிருக்கிறீர்களா? கயிற்றின் இரு முனையிலும் ஆட்கள் நின்று, பாட்டின் தாளத்துக்கு ஒரே மூச்சில் இழுப்பார்கள். பாட்டு எதற்கு? எல்லாருடைய பலமும் ஒரே கணத்தில் கயிற்றில் விழவேண்டும், அதற்கு! எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, தொண்டையும் தோளும்தான் பொறி. வின்ச் வைத்து இழுக்கிற ஊர்களில் அந்தப் பாட்டுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. போனால் சும்மா படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், இழுக்கச் சொன்னால் கயிற்றைப் பிடியுங்கள்.

இனிப் புத்தளம் நகரம். 1344இல் இங்கே ஒரு சுற்றுலாப் பயணி வந்து இறங்கினார், தெரியுமா? பெயர் இபுன் பதூதா! மாலைதீவிலிருந்து பாய்மரத்தில் வந்தவரைக் காற்று இந்தப் பக்கம் ஒதுக்கியது. பத்தாலா என்று அவர் எழுதிவைத்த ஊர் புத்தளம்தான் என்பது ஆய்வாளர் கருத்து. கரையெல்லாம் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், மலபார் வணிகர்கள் அதை அள்ளிப் போனதையும் வியந்து எழுதியிருக்கிறார். அவரை வரவேற்றது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி! அரசருக்குப் பாரசீகமும் புரிந்ததாம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பாவா ஆதம் மலைக்குப் போகவேண்டும் என்றார் பதூதா. அரசர் பல்லக்குக் கொடுத்தார், கூடவே 4 யோகிகள், 3 பிராமணர்கள், 10 துணையாட்கள், உணவு சுமக்க 15 பேர்! எரிபொருளே செலவாகாத பயணம்தான். பல்லக்குத் தூக்கியவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நகரத்தில் காலாறப் போனால் கழுதைகள் குறுக்கே வரும். ஒரு காலத்தில் உப்பும் சரக்கும் சுமந்தவற்றின் வாரிசுகள். லொறி வந்ததும் வேலை போயிற்று, தெரு கிடைத்தது! நகருக்குப் பக்கத்தில் சிரம்பியடியில், ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் பாடும் மஞ்ஞா இசையின் சொற்கள் போர்த்துக்கீசக் கலப்பு மொழி! 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்ததும் இந்த மாவட்டத்துக்கே. இருந்த நிலத்தையும் கிணற்றையும் பகிர்ந்துகொண்ட ஊர் இது. இங்கே தண்ணீர் எடுக்கிற விருந்தாளி அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் தண்ணீரைச் சொல்கிறேன்? கற்பிட்டிக் குடாநாடு எதன்மேல் நிற்கிறது தெரியுமா? மணல்! ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. ஆறு இல்லை. ஆனாலும் தோட்டம் முழுக்க வெங்காயம், மிளகாய், பீற்றூட். எப்படி? மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின்மேல் பாலாடைபோல மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் கனம், நன்னீர் இலேசு, அவ்வளவுதான் சூத்திரம். அந்த மெல்லிய படலம்தான் குடிப்பதற்கும், குளிப்பதற்கும், தோட்டத்துக்கும். அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். மணல் வடிகட்டி நிறுத்தாது என்பதால் தோட்டத்து உரமும் கழிவுக்குழி நீரும் நேரே அதற்குள் இறங்குகின்றன. கிணறுகளில் நைத்திரேற்று கூடிக் கிடப்பதை ஆய்வுகள் பலமுறை சொல்லிவிட்டன. இப்படிப்பட்ட இடத்தில், பத்தடி தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு, நன்னீர் நிரப்பிய நீச்சல் தடாகத்தில் மிதக்க வேண்டுமா? தினமும் துவாய் மாற்றித் துவைக்கச் சொல்ல வேண்டுமா? சுற்றுச்சூழல் விடுதி என்று பலகையில் பச்சை எழுத்தில் எழுதியிருப்பதைவிட, தடாகம் இல்லாத விடுதியே எனக்குப் பெரிய அத்தாட்சி.

குடாநாட்டில் சம்பளமில்லாமல் உழைக்கும் பெரிய தொழிலாளி ஒருவர் உண்டு: காற்று! வைகாசியில் சோளகம் எழுந்தால் மாதக்கணக்கில் அடங்காது. அந்தக் காற்றுதான் புத்தளத்து உப்பளங்களில் வெயிலோடு கூட்டுச் சேர்ந்து நீரை உறிஞ்சி உப்பை விளைவிக்கிறது. மழை கூடினால் போச்சு: 2025 தொடக்கத்தில் கடல் சூழ்ந்த இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது! அதே காற்று மாம்புரிப் பக்கம் 2010 முதல் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அதே காற்றில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் பறக்க ஐரோப்பாவிலிருந்து இளைஞர்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள். பெற்றோல் குடித்துக் கூச்சல் போடும் ஜெட் ஸ்கீயை இந்தக் களப்பில் ஓட்டுபவர்களை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கற்பிட்டி முனையில் ஒல்லாந்தர் கோட்டை, 1667இல் தொடங்கி 1676இல் முடித்தது. இன்றும் கடற்படையின் கையில்தான் இருக்கிறது, அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். சைமன் காசிச்செட்டி பிறந்த ஊரும் இதுவே! 1807இல் பிறந்தவர். இலங்கையின் ஊர்களை அகரவரிசையில் விவரித்து 1834இல் ஒரு கசற்றியர் போட்டார், 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தமிழ் புளூட்டாக் என்று ஆங்கிலத்தில் எழுதினார். இந்தக் கரையைப் பற்றி எழுதுகிற எவருக்கும் அவர்தான் மூத்த பயண எழுத்தாளர்.

கடலுக்குள் போவோம். கற்பிட்டிக்கு வடமேற்கே கடலடியில் கிடக்கும் பவளத்திட்டை 1992இல் சரணாலயமாக்கினார்கள். பரப்பு 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம்! 1998இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துச் செத்தது. பதினைந்து வருடத்துக்குள் மெல்ல மீண்டு எழுந்தது. 2016இல் மறுபடியும் வெளுத்தது. நங்கூரத்தை அதன் தலைமேல் எறியாத படகோட்டி வேண்டும், பவளத்தின்மேல் கால் ஊன்றாத நீச்சல்காரர் வேண்டும். அது மீள்வதற்கு நம்மால் முடிந்த உதவி அவ்வளவே.

டொல்பின்கள்? நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில், கடல் படுத்திருக்கும் மாதங்களில், நூற்றுக்கணக்கில் கூட்டமாக வரும். சுழல் டொல்பின் ஒரே பாய்ச்சலில் வானத்தில் ஏழு சுற்றுவரை சுழலும்! கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கடலடி மடமடவென்று ஆழமாகிவிடுவதால் எண்ணெய்த் திமிங்கிலமும் எட்டிப்பார்க்கும். இங்கேதான் வேடிக்கை வினையாகிறது. கூட்டம் கண்ணில் பட்டதும் எல்லாப் படகுகளும் இயந்திரத்தை முறுக்கி அதை வளைத்துக்கொள்கின்றன. கடற்பாலூட்டிகளைப் பார்ப்பதற்கென்று 2012இலேயே இலங்கை விதிகள் கொண்டுவந்தது: துரத்தக்கூடாது, வழிமறிக்கக்கூடாது, விலகி நிற்கவேண்டும். தூரத்தில் இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சும்மா இருந்தால் டொல்பின் தானே வந்து படகுக்கு முன்னால் விளையாடும். கிட்டப் போ என்று நச்சரிப்பவர் பெரும்பாலும் படகோட்டி அல்ல, காசு கொடுத்த நாம்தான்.

களப்புக்குள் இன்னொரு அதிசயம்! சுமார் 327 சதுர கிலோமீற்றர் நீர், பெரும்பகுதி ஆளின் கழுத்துக்கும் வராத ஆழம், கோடையில் உட்கோடியில் கடலைவிட அதிக உப்பு. அடியில் கடற்புல் மேய்ச்சல் நிலம். அதை மேய்ந்த ஆவுளியா, அதுதான் கடற்பசு, இன்று மன்னார் வளைகுடா முழுவதிலுமே அபூர்வம். வலையில் சிக்கியதும், இறைச்சிக்காகக் கொன்றதும்தான் காரணம். இன்று அதைக் கொல்வது சட்டப்படி குற்றம். யாராவது ஒரு சாப்பாட்டுக் கடையில் அந்த இறைச்சி இருக்கிறது என்று காதோடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

களப்பின் வடகோடியில் கலா ஓயா கடலைத் தொடுகிறது, இலங்கையின் மிகப் பெரிய கண்டல் திட்டு அங்கேதான். அதற்கும் வடக்கே வில்பத்து, அதன் கடலோரத்தில் சிவந்த மண்ணோடு குதிரைமலை. அல்லி அரசாணி ஆண்ட இடம் என்பது நம்மவர் கதை, விஜயன் வந்திறங்கிய கரை என்பது இன்னொரு கதை. ரோமாபுரியின் பிளினி எழுதியதோ வேறு! குளோடியஸ் பேரரசன் காலத்தில், செங்கடல் வரி வசூலிக்க ஒப்பந்தம் எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவனின் ஆள் ஒருவன் அரேபியக் கரையோரம் போய்க்கொண்டிருந்தான். காற்று அவனைத் தூக்கிக்கொண்டு வந்து பதினைந்தாம் நாள் இலங்கையின் ஒரு துறைமுகத்தில் போட்டது. அந்தத் துறை குதிரைமலைதான் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். வில்பத்து எல்லைக்குள் இருப்பதால் நினைத்த நேரத்தில் நடந்து போக முடியாது, அனுமதிச் சீட்டும் வாகனமும் வேண்டும். ஒரு சனி, ஞாயிறில் அதையும் திணிக்காதீர்கள்.

காற்றும் நீரோட்டமும் ரோமரை மட்டும் கொண்டுவருவதில்லை. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கொட்டின. நீரோட்டம் அவற்றை இந்தக் கரைவரை இழுத்து வந்து மணலில் கலந்தது. பருப்பளவு வெள்ளைக் குருணைகளை மணலிலிருந்து பிரிப்பது எவ்வளவு பாடு என்று கரையோரத்தவரைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட கரையில் உங்கள் தண்ணீர்ப் போத்தலும் கிடக்க வேண்டாம். பயணத்துக்கு ஓர் எவர்சில்வர் போத்தல், சோற்றுக்கு ஒரு டப்பா, ஒரு துணிப்பை போதும். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடைசியாக, இடத்தை உறுதிசெய்யத் தொலைபேசி எடுக்கும்போது விடுதிக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? படகோட்டி எந்த ஊர்க்காரர்? டக்கென்று பதில் வந்தால் அந்த விடுதியில் பணத்தைக் கட்டுங்கள். இழுத்தடித்தால் அடுத்த இலக்கத்தை அழுத்துங்கள், கற்பிட்டியில் விடுதிக்குப் பஞ்சமில்லை. மே முதல் செப்டெம்பர்வரை போனால் காற்று, நவம்பர் முதல் ஏப்ரல்வரை போனால் டொல்பின். எதுவானாலும், முதல் சீட்டை மட்டும் கோட்டை ரயில் நிலையத்தில் எடுங்கள்.